அக்கரை முள்வேலி

ஓடைக்கு அக்கரையில் தேர்தல் முடிந்ததென்று காகம் வந்து சொன்னது. அணில் மரத்திலிருந்து குதித்தோடி வந்தது.

"குரங்கு தோத்துட்டாரா அண்ணே?"

"நடந்தது சபைத் தேர்தல். தலைவர் அதே குரங்குதான்."

அணிலின் வால் தொங்கிவிட்டது. பாலத்தில் முள்வேலி போட்டு, இக்கரைக்காரர்களை அக்கரை நாவல் மரத்துக்குப் போகவிடாமல் செய்தது அந்தக் குரங்குதானே!

"அப்புறம் என்ன? என் பிள்ளைங்க இந்த வருஷமும் பழத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்."

"அட, மழை வந்தா முள் மக்கிடும். புது முள் வெட்டணும்னா சபை சம்மதிக்கணும். இப்போ சபையில பாதிக்கு மேல முயலுங்க. அவங்களுக்கு நம்ம புல்லு மேல ஆசை, பாலத்தை அடைக்கச் சம்மதிக்க மாட்டாங்க."

அணில் நம்பவில்லை.

மழை பெய்தது. வேலி மக்கியது. புது முள் வரவில்லை.

ஒருநாள் காலையில் குரங்கே பாலத்துக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டது.

"என்ன அணிலாரே, பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?"