ஒரு நிமிடம் பிந்திய வாசல்

தேச்சம்மா மானிட்டரின் பின்னால் கைவிட்டு ஒயரைப் பிடுங்கி மறுபடியும் செருகுகிறாள். லேப்டாப்பின் சொந்தத் திரை போன மழைக்காலத்திலேயே செத்துவிட்டதால் இந்தப் பெரிய திரைதான் கதி. அதிலும் இப்போது சத்தம் மட்டும் வருகிறது; படம் கருப்பாகவே கிடக்கிறது. காப்பித் தோட்டத்து வாசல் கேமராவிலிருந்து மழை சொட்டுவது கேட்கிறது. நடுவில் மடக்கென்று ஒரு கிளை முறிகிறது. பக்கத்து எஸ்டேட்டில் ஒற்றை யானை திரிவதாகக் காலையில்தான் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. பன்றிக்கறி வாங்க விராஜ்பேட்டைக்குப் போன புருஷன் பெள்ளியப்பா திரும்பி வரும் நேரம். வேர்த்த விரல் மவுஸில் வழுக்க, வீடியோவின் தரத்தை அடிமட்டத்துக்குக் குறைக்கிறாள். வட்டம் சுற்றிச் சுற்றி நிற்கிறது. திரை மெல்ல வெளுக்கிறது: பனி, திறந்து கிடக்கும் இரும்பு கேட், அதை அடைத்துக்கொண்டு ஈரச் சுவர் போல ஒரு பின்புறம், ஆடுகிற வால். யானை அவசரமே இல்லாமல் உள்ளே நடந்து காப்பிச் செடிகளுக்குள் மறைகிறது. இந்தப் படம் எப்போதும் ஒரு நிமிடம் பிந்தித்தான் வரும்.

போன் அடிக்கிறது. "ஏய் தேச்சு, கேட்டை எவன் தொறந்து போட்டான்? யானை உள்ள வந்தா உங்கப்பனா வந்து வெரட்டுவாரு?" பெள்ளியப்பா சிரிக்கிறான். "நான் உள்ள வந்து நல்லா இழுத்துப் பூட்டிட்டேன். நீ கறிக்குத் தொட்டுக்க கடம்புட்டு அரிசி உருண்டையை வேகப் போடு."

"அங்கேயே நில்லுங்க. பேசாதீங்க." அவள் கிசுகிசுக்கிறாள்.

"என்னது? சத்தமாச் சொல்லு!"

திரையில் வாசல் இன்னும் திறந்தே கிடக்கிறது. அவன் அங்கே இன்னும் வந்து சேரவில்லை. போனில், அவன் குரலுக்கு மிகப் பக்கத்தில், ஒரு கிளை முறிகிறது.