லூசியாவின் தலைக்கு எண்ணெய்

போட்டோவைப் பார்த்ததும் செல்வமேரிக்கு மனசு பொறுக்கவில்லை.

"ஏனுங்க சாமி, இந்தப் புள்ள தலையைப் பாருங்க. எண்ணெய் காணாம எப்பிடி வெளிறிக் கெடக்குது!"

பங்குச் சாமியார் தன் தாடியைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

போட்டோவில் இருந்த லூசியா கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவள். அப்பன் ஜெர்மன் சண்டையில் செத்துப்போனான். அவளைப் படிக்க வைக்கத்தான் ஓமலூர் மாதா சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, விற்ற காசை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம புள்ளைகளே கூழு குடிக்குதுங்க. அக்கரைப் புள்ளைக்கு எண்ணெய் வேறயா?" என்றாள் பக்கத்தில் நின்ற இன்னாசிமேரி.

"பாத்துட்டு எப்பிடிக்கா சும்மா இருக்கறது?" என்ற செல்வமேரி, வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயைத் தகர டப்பாவில் ஊற்றி, 'தினமும் தேய்ச்சா முடி கறுத்துரும்னு எழுதுங்க சாமி' என்று சொல்லி, சாமியார் அனுப்பும் பொட்டலத்தோடு சேர்த்துவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. சாமியார் அதைத் தமிழில் படித்துக் காட்டினார்.

"அன்புள்ள அம்மா, தினமும் எண்ணெய் தேய்க்கிறேன். வகுப்பே மணக்கிறது. ஆனால் முடிதான் கறுக்க மாட்டேன் என்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வைக்கோல் நிறம்தான். சந்தேகமாக இருந்தால் உங்கள் சாமியாரையே பாருங்கள். அவரும் பிரான்சில் எங்கள் தெருவில் பிறந்தவர்தானே!"

செல்வமேரி நிமிர்ந்து, சாமியாரின் மஞ்சள் தாடியைப் பார்த்தாள். எண்ணெய் வைத்துவிட ஆளில்லாமல் செம்பட்டை பாய்ந்துவிட்டது என்றல்லவா இத்தனை வருஷமும் பரிதாபப்பட்டிருந்தாள்!

அவருக்கென்று கொண்டுவந்திருந்த இன்னொரு எண்ணெய் டப்பாவை, மெல்ல முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.