பாலத்துக்கு முன் ஒரு சொல்

மலேசியாவின் சிம்பாங் அம்பாட் குன்றுகளின் சரளைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டும் அந்தக் குழுவில், பெரியவர் சேகரனின் காதுபட யாரும் யாரையும் ‘மாப்ள’ என்று கூப்பிடுவதில்லை.

அன்று செம்பனைத் தோட்டச் சரிவின் உச்சியிலிருந்து பார்த்தபோது, வளைவுக்கு அப்பால் இருந்த பலகைப் பாலத்தை மழைவெள்ளம் அடித்துச் சென்றிருந்தது தெரிந்தது. விமலனோ பாதிச் சரிவில் பாய்ந்துகொண்டிருந்தான்.

“விமலா, பாலம் இல்லலா! நில்லு!” புவனேஷ் அலறினான்.

“முந்தத்தானே பாக்குற? போன வாரமும் இதே பொய்தான்!” விமலன் சிரித்தபடி இன்னும் வேகமாக மிதித்தான்.

புவனேஷ் சேகரன் பக்கம் திரும்பினான். “அங்கிள், நாங்க சொன்னா நம்பமாட்டான். நீங்க கூப்பிடுங்க!”

சேகரன் சரிவின் விளிம்புக்கு வந்தார். தம் சம்மதமில்லாமல் மகளைக் கட்டிக்கொண்ட விமலனிடம் அவர் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

“மாப்ள!”

கீழே பிரேக் கிறீச்சிட்டது.

“அப்படியே நில்லுங்க, மாப்ள!”