பன்னிரண்டு மில்லிமீட்டர்

பழைய பீர் ஆலையின் மேல்தளம், இருக்கவேண்டிய உயரத்தைவிடப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மேலே நின்றது. ஏனென்று மேஸ்திரி அமலோற்பவத்துக்குப் பிடிபடவில்லை. ஆலை ஓடிய காலத்தில் எடுத்த அளவுகளோடு கட்டடம் இம்மி பிசகாமல் பொருந்தவேண்டும் என்பது அரசு விதி. பொருந்தினால், அதைச் சீரமைத்த எட்டுக் குடும்பங்களுக்கும் அங்கேயே வீடு. இல்லாவிட்டால் நாளை இடிப்பு. அளவுக்கருவி சாயங்காலம் வரும்.

“உத்தரத்தை அறுத்து இறக்கிப் பத்தவச்சிடட்டுமாக்கா?” என்றான் வெல்டர் மைதீன்.

“அறுத்த தழும்பு கருவிக்குத் தெரியாதாக்கும்? கையை வச்சே, ஒடிச்சிடுவேன்.”

“பின்ன என்ன, பீர் கிடைக்காத ஏக்கத்துல தானா எந்திரிச்சு நிக்குதா?”

பீர் என்றதும் அமலோற்பவம் விறுவிறுவென்று மேலே ஏறினாள். ஆறு செப்புத் தொட்டிகளும் காலியாகக் கிடந்தன. பாரம் ஏறினால் இரும்பு உத்தரம் சற்றே வளையும், இறங்கினால் நிமிரும். அளவெடுத்த அன்று தொட்டிகள் நிறைய பீர் இருந்திருக்கிறது!

“மோட்டாரைப் போடு மைதீன்!”

தண்ணீர் ஏற ஏறத் தளம் இறங்கியது. சாயங்காலம் கருவி வந்து அளந்து, பச்சை விளக்கைக் காட்டியது.

ஆறு தொட்டிகளும் நிறைந்திருந்தால்தான் ஆலை சரியான அளவில் நிற்கிறது. கருவி மறுபடி எப்போது வருமோ என்று, அங்கே குடியேறிய எட்டுக் குடும்பங்களும் தண்ணீர் வற்ற வற்ற முறைவைத்து அவற்றை நிரப்பி வருகின்றன.