முதல் பத்து வருசம்

சட்டமன்றத் தேர்தலில் நிற்பவர் முப்பது நாள் தொகுதியை விட்டு நகரக் கூடாது, காலில் கண்காணிப்பு வளையத்தோடு தினம் இருவேளை தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவேளை தவறினாலும் வேட்புமனு ரத்து என்று சட்டம் வந்தது.

மூன்றாம் நாளே முன்னாள் அமைச்சர் திருமேனி நான்கு துண்டு நனைய அழுதார். "இதெல்லாம் மனுசன் வாழுற வாழ்க்கையாம்மா?" என்று வரிசையில் பின்னால் நின்ற சுயேச்சை வேட்பாளர் நேசமலரிடம் கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி முகாமில் முப்பது வருடம் கையெழுத்துப் போட்டவள் நேசமலர். போன வருடம்தான் குடியுரிமை கிடைத்திருந்தது. "முதல் பத்து வருசம்தான் கஷ்டம் ஐயா. பிறகு பழகிப் போயிடும்" என்று ஆறுதல் சொன்னாள்.

திருமேனிக்குப் பழகவில்லை. பத்தொன்பதாம் நாள் முக்காடு போட்டுக்கொண்டு மச்சினிச்சி கல்யாணத்துக்கு நழுவினார். வளையம் அலறிய அலறலில் மூன்று மாவட்டத்துக் காகங்கள் ஆந்திராவுக்குக் குடிபெயர்ந்தன. மற்ற பதினோரு வேட்பாளர்களும் ஒவ்வொருவராய் இப்படியே உதிர்ந்தார்கள். நேசமலர் போட்டியின்றி ஜெயித்தாள்.

தாசில்தார் வளையத்தைக் கழற்றிவிட்டு, "இனிமே நீங்க எங்க வேணும்னாலும் போகலாம் மேடம்" என்று கும்பிட்டார்.

சட்டமன்ற உறுப்பினர் நேசமலர் நாற்காலியை விட்டு எழவில்லை. கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"அதை எழுத்தில தந்து, சீலும் குத்தி விடுறியளோ ஐயா?"