பல் தடம்

வெள்ளையம்மாள் அந்தப் பதக்கச் சங்கிலியைத் திண்டிவனத்தில் செய்து வாங்கியது 1958இல். ஒவ்வொரு பொங்கலுக்கு முன்பும் மெருகு போட அதே துரைக்கண்ணு பத்தரிடம் பஸ்ஸேறி வருவாள்.

முதல் தடவையே பதக்கத்தில் குட்டிக் குட்டிப் பல் தடங்கள். "கொழந்த கடிச்சிக்கினே இருக்குது போல. பால் குடுக்கசொல்ல கழட்டி வெச்சிடும்மா," என்று பத்தர் சிரித்தார்.

அவளுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் மறுக்க மனம் வரவில்லை. "சொன்னா எங்க கேக்கறான்?" என்றாள்.

மறு வருடம் தடங்கள் பெரிதாகி, பதக்கத்தை விட்டுச் சங்கிலியில் ஏறியிருந்தன. "பையன் வளந்துட்டான்," என்றார் பத்தர். அவள் பெருமையோடு தலையாட்டினாள்.

இந்த வருடம் பத்தர் சிரிக்கவில்லை. தடங்கள் கொக்கிவரை வந்துவிட்டிருந்தன. வளர்ந்த ஆளின் பற்கள். "இது பின்கழுத்துல படற எடமாச்சேம்மா," என்றார்.

வெள்ளையம்மாள் மெல்லப் பின்கழுத்தைத் தடவினாள். விரல்களில் எச்சில் ஒட்டியது.