செதில் இல்லாத மீன்

"மீனுக்குத் தோல் போனதே இந்தத் தங்கச்சி கையாலதான்" என்றார் முகம்மது ஹனீப்.

ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கள் நின்றன. கார்கானாவில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிச் சண்முகவடிவைப் பார்த்தார்கள். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாராவியில் தோல் பை செய்கிற கார்கானா அது. முதலாளி சுரேந்திரன் வாசலுக்கு நேரே கண்ணாடித் தொட்டி வைத்து ஒரு கெளுத்தி வளர்த்தார். அது வந்த மாதம்தான் பெரிய ஆர்டர் கிடைத்ததாம். அன்றிலிருந்து அதற்கு ராஜ மரியாதை. தொட்டி கழுவுவது வடிவின் பொறுப்பு. சம்பளத்தில் சேராத வேலை.

நான்கு நாளாகக் கெளுத்தியின் விலாவில் வெளிறிய திட்டு. மெஷின்காரர் பூலோகம் காய்ச்சலுக்கு அரை நாள் லீவு கேட்டபோது முறைத்த முதலாளி, மீன் சரியாகத் தின்னவில்லை என்று கண் கலங்கினார்.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? "இது புள்ளி நோய் அண்ணாச்சி, கல்லுப்பைப் போடுங்க" என்றார் பூலோகம். முதலாளியின் மகள் சாருலதா போனில் தேடிப் பார்த்து, "காளான்பா, நீல மருந்து ஊத்தணும்" என்றாள். பக்கத்துக் கடைக்காரர் மஞ்சள் மருந்து என்றார். எதை நம்புவது என்று தெரியாமல் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, வளர்ப்பு மீன் கடை ஹனீபை முதலாளி கையோடு அழைத்து வந்திருந்தார்.

வந்ததும் ஹனீப் மூன்றையும் எடுத்துத் தள்ளி வைத்தார்.

"புள்ளி நோய்னா உப்பைத் தூவினாப்பல உடம்பெல்லாம் இருக்கும். காளான்னா பஞ்சு மாதிரி எழும்பி நிக்கும். இது ரெண்டும் இல்ல. கெளுத்திக்குச் செதில் கிடையாது அண்ணாச்சி, வெறும் தோலு. தெரியாம மருந்தை ஊத்தினா அந்த மருந்தே பொசுக்கிரும்."

"அரே பாய், அப்ப என்னதான் நோய்? ஜல்தி சொல்லுங்க" என்றார் முதலாளி.

தொட்டி கழுவுவது யார் என்று கேட்டார் ஹனீப். வடிவு முன்னால் வந்தாள். மீனைப் பார்த்ததைவிட அதிக நேரம் அவள் கையைப் பார்த்தார். விரல் நுனியெல்லாம் உரிந்து, வெடிப்புகளில் சிவப்பு தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

வடிவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று வருடமாக இதே கையால்தானே கழுவுகிறாள்?

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தானே பாய் தொட்டியில கை வைக்கேன்?"

"பசையைத் துடைக்கத் தின்னர்ல துணியை நனைச்சுப் பிடிக்கீங்கல்லா? அது தோலுக்குள்ள ஊறிக் கிடக்கும். சோப்புக்கெல்லாம் போகாது."

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம் வடிவு" என்றார் முதலாளி.

"அண்ணாச்சி!" என்றாள் வடிவு. கோவண்டியில் அவள் வீட்டில் அடுப்பு எரிவதே இந்த வேலையால்தான்.

"அவளை மாத்தி என்ன செய்ய?" என்றார் ஹனீப். "எல்லாரும் கையை நீட்டுங்கப்பா, பாப்போம்."

நீட்டினார்கள். எல்லார் விரலும் வடிவின் விரல் போலவே உரிந்திருந்தது.

"பாத்தீங்களா அண்ணாச்சி? இங்க எல்லாக் கையும் ஒரே கைதான். அது போக, தின்னர் ஆவி வேற தண்ணியில இறங்குது. வேலை நேரம் பூரா எல்லாரும் கையுறை போடணும். அந்தச் சன்னலைத் திறந்து விடணும். இல்லைன்னா மீன் பிழைக்காது."

"பிழைக்காதா?" முதலாளியின் முகம் செத்துவிட்டது.

அன்று சாயங்காலமே கையுறைப் பெட்டி வந்தது. துருப்பிடித்துக் கிடந்த சன்னலைச் சுத்தியலால் அடித்துத் திறந்தார்கள்.

"மீனுக்காக வாங்கினது. கிழிச்சிராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார் முதலாளி.

பத்து நாளில் கெளுத்தியின் திட்டு மறைந்தது. முதலாளி எல்லோருக்கும் பேடா கொடுத்தார். வடிவின் விரல்களிலும் புதுத்தோல் கூடியிருந்தது. ஆனால் மனது ஆறவில்லை. மீன் தீவனம் வாங்கப் போன சாக்கில் ஹனீபைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லார் முன்னாலயும் என் கையில விஷம்னு சொல்லிட்டீங்களே பாய். வேலை போயிருந்தா நீங்களா சோறு போடுவீங்க?"

ஹனீப் மேசையில் கிடந்த ஒரு கூரான கல்லை அவள் பக்கம் நகர்த்தினார்.

"உங்க தொட்டியில கிடந்தது. அன்னைக்கே எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். மீன் இதுல உரசியிருக்கு. வெறும் சிராய்ப்பு, தன்னால ஆறிரும்."

"அப்ப நோயி?"

"மீனுக்கு ஒரு நோயும் இல்ல."

வடிவு குழம்பிப்போய்க் கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பின்னே எதுக்குப் பாய் கையுறை, சன்னல் எல்லாம்?"

"நீங்க யாரும் உங்க முதலாளிகிட்ட கையுறை கேட்டதே இல்லையா?"

"மூணு வருசமா கேக்கோம். கையுறை போட்டா வேகம் குறையும்னு ஒரே பேச்சுதான்."

ஹனீப் தீவனப் பொட்டலத்தை மடித்து அவள் கையில் வைத்தார்.

"அது உன் கையைப் பாத்ததுமே தெரிஞ்சுது தங்கச்சி. அதான் மீனைக் கேக்க வச்சேன்."